வசனம் இல்லாத எட்டுப் பக்கம்

அச்சுப் பிழைன்னு சொல்லிரணுமாம். மைக்கைப் பிடிச்சு, வாசக நண்பர்களே, அந்த எட்டுப் பக்கத்துல வசனம் விட்டுப்போனது அச்சுப் பிழை, மறுபதிப்புல சரிபண்ணிருவோம்னு ரெண்டு வரி சொல்லிட்டு இறங்கிட்டா போதுமாம், அப்புறம் பிரியாணி, குரூப் போட்டோ, அவங்கவங்க பஸ்ஸைப் பிடிச்சு ஊரு போய்ச் சேந்துரலாம். காலையில கார்ல வரும்போது அண்ணாச்சி இதைச் சொன்ன விதம் இருக்கே, வழியில நிறுத்தி ஒரு டீ குடிப்போமான்னு கேக்குற மாதிரி. அண்ணாச்சின்னா எங்க காமிக்ஸோட ஆசிரியர் தனஞ்செயன். வாசகருங்களுக்கு எடிட்டர் சார், சிவகாசி ஆபீஸ்ல இருக்குற எங்களுக்கு அண்ணாச்சி. நான் அங்க மொழிபெயர்க்கிறவ. முதல் பக்கத்து அடியில பொடி எழுத்துல 'தமிழில்: புஷ்பரதி'ன்னு கிடக்கும், இத்தனை வருஷம் ஒருத்தரும் அதைப் பாத்ததில்லை, இந்த வருஷம் எல்லாரும் பாத்திருக்காங்க, திட்டுறதுக்கு. ஈரோட்டுல புத்தகத் திருவிழா நடக்குறப்போ வருஷா வருஷம் இந்த ஹோட்டல் ஹால்ல எங்க வாசகர் சந்திப்பு. நாப்பது அம்பது வயசு ஆம்பளைங்க, பேங்க் மேனேஜர், பல் டாக்டர், லாரி ஆபீஸ் வச்சிருக்கவர், வாத்தியார், எல்லாரும் பேருக்கு முன்னாடி ஊரை ஒட்டிக்கிட்டு, காமிக்ஸைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. வீட்டம்மா கண்ணுல படாம பீரோ மேல புத்தகத்தை ஒளிச்சு வைக்கிற ரகம். எனக்கு இவங்களைப் பிடிக்கும், சத்தியமா பிடிக்கும், அதனாலதான் இன்னிக்கு இவ்வளவு ஆத்திரம் வருது. மேடை ஓரத்து நாற்காலி எனக்கு, ஏசிக்காத்து நேரா பின்கழுத்துல அடிக்குது, முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டா ஏதோ பயந்துட்டான்னு நினைப்பாங்களோன்னு போத்தாம உக்காந்திருக்கேன்.

இப்போ மைக் ஓமலூர் குமரகுரு கையில. மருந்துக்கடை வச்சிருக்கவர், எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் ஆளா படிச்சுட்டு முதல் ஆளா குறை சொல்றவர். ரகளைக்குக் காரணமான 'மேலங்கி' புத்தகத்தைத் தூக்கிக் காட்டுறார், அட்டையில ஹீரோ ஆல்டோரோட முதுகு, சாயம் போன சிவப்பு அங்கி. வெளிநாட்டுல பரிசு மேல பரிசு வாங்கின கிராபிக் நாவல்னு சொன்னீங்க, சூப்பர் ஹீரோ கதைன்னு விளம்பரம் போட்டீங்க, புத்தகம் முழுக்க அவன் ஒரே ஒரு தடவைதாங்க பறக்கிறான், அதுவும் பஸ் கிடைக்காம மருந்து வாங்கப் பறக்கிறான்னு சொன்னதும் ஹாலே சிரிக்குது. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். உண்மைதான். ஆல்டோர் ஒரு காலத்துல இடிஞ்சு விழுற பாலத்தை ரெண்டு கையால தாங்கினவன். கதை ஆரம்பிக்கிறப்பவே கிழவன், தோள்பட்டை வலி, மேலங்கியில பொத்தல். பொண்டாட்டி மேரியன் ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கா. ராட்சசங்க யாரும் வர்றதில்லை. முதல் பாகத்தோட கடைசி எட்டுப் பக்கம் அவன் கட்டில் பக்கத்துல உக்காந்திருக்கான், அவ்வளவுதான். டிரிப்ஸ் பாட்டில், ஜன்னல், அவன் செருப்பு, அவ விரல், மறுபடி ஜன்னல். மேலங்கியை மடிச்சு அவ தலைக்கு வச்சிருக்கான். கடைசிப் படக் கட்டத்துல அவன் மட்டும் இருக்கான், கட்டில் மடக்கியிருக்கு. ஒரு எழுத்து கிடையாது. வரைஞ்சவன் ஒரு எழுத்துகூட எழுதலை, நானும் எழுதலை, அதுதான் இப்போ என் மேல இருக்குற குத்தம்.

ஏன்னா எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம். எழுத்து இல்லாம காலிக் கட்டம் போடக் கூடாது. அண்ணாச்சியோட அப்பா காலத்துல இருந்தே அப்படி, காலிக் கட்டம் வாசகனைப் பட்டினி போடுற மாதிரின்னு அவர் சொல்வாராம். வெளிநாட்டுக்காரன் படத்தை மட்டும் வரைஞ்சு விட்டிருந்தா நாங்க மேல ஒரு மஞ்சப் பெட்டி போட்டு எதையாவது எழுதிருவோம். 'அதே சமயம், நகரின் மறுகோடியில்...' 'விபரீதம் காத்திருப்பதை அவன் அறியவில்லை...' கதவைத் திறந்தா கதவைத் திறந்தான்னு எழுதுவோம். படியேறினா படியேறினான். எத்தனை எழுதியிருக்கேன் நான், சூரியன் மறையுற படத்துக்கு மேல 'கதிரவன் கடலுள் மறைந்தான்'னு நானே எழுதி, நல்லா இருக்கேன்னு நானே ரசிச்சிருக்கேன். வேற எந்த ஊர்லயாவது இப்படிப் பண்ணுவாங்களான்னு தெரியலை, எங்களுக்குச் சும்மா இருக்குற கட்டத்தைப் பாத்தா கை அரிக்கும். இந்த எட்டுப் பக்கத்துக்கும் மஞ்சப் பெட்டி போட்டுத்தான் வச்சிருந்தேன். சாயங்காலம் ஆபீஸ்ல எல்லாரும் போனப்புறம் முதல் பெட்டியில கர்சர் மினுக்கிக்கிட்டே நின்னுச்சு. 'ஆல்டோர்...' வரைக்கும் அடிச்சேன். அதுக்கு மேல விரல் போகலை. எல்லாப் பெட்டியையும் எடுத்துட்டேன், ஒண்ணொண்ணா, எடுக்க எடுக்க நெஞ்சுல ஒரு நிம்மதி. அண்ணாச்சி அந்த வாரம் திருச்செந்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், ஃபைல் பிரஸ்ஸுக்குப் போயிருச்சு, அவர் பாக்குறப்போ புத்தகம் பைண்டிங் முடிஞ்சு கட்டுக் கட்டா இருந்துச்சு.

அதுல இருந்து ஆரம்பிச்ச ரகளை. வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு கட்சியா பிரிஞ்சுட்டாங்க. மாஸ்டர்பீஸ்னு ஒரு கட்சி, மண்ணாங்கட்டின்னு ஒரு கட்சி. ஒருத்தர் அந்த எட்டுப் பக்கத்துக்கு அவரே வசனம் எழுதி, ஸ்கேன் பண்ணிப் போட்டிருந்தார், ஆல்டோர் கடவுள்கிட்ட சவால் விடுற மாதிரி. ஒருத்தர் ஹீரோ அழவே கூடாதுன்னார். படத்துல எங்கய்யா அழுறான், கண்ணு ஈரமாக்கூட இல்லையேன்னு இன்னொருத்தர் கேட்டதும் அதுதான் தப்பு, அழணும்ல, பொண்டாட்டி செத்துட்டால்லன்னு முதல் ஆளே பல்டி அடிச்சார். இன்னிக்கு ஹால்லயும் அதேதான். தாராபுரத்துக்காரர் ஒருத்தர் மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன், எட்டுப் பக்கத்தை எட்டு செகண்டுல புரட்டிட்டாங்குறார். புதுச்சேரி லாசர், காலேஜ் வாத்தியார், தொண்டையைச் செருமிக்கிட்டு எந்திரிக்கிறார், இவர் எங்க கட்சி, அதாவது மாஸ்டர்பீஸ் கட்சி. இது மௌனத்தின் அரசியல்ங்குறார். ஆல்டோர் பேசாதது வல்லரசோட வீழ்ச்சிக்குக் குறியீடாம், மடக்கின கட்டில் மூடின எல்லையாம். கை தட்டுறாங்க. எனக்கு வயிறு எரியுது. குமரகுருவாவது காலியா இருக்குன்னு ஒத்துக்கிட்டுத் திட்டினார், இந்த மனுசன் என்னைப் பாராட்டிக்கிட்டே எட்டுப் பக்கத்தையும் ரொப்பிட்டாரே. போங்கய்யா, ரெண்டு கட்சியும் ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் அந்தாளு வாயைப் பிடுங்கணும், ஒரு கிழவன் பொண்டாட்டி பக்கத்துல சும்மா உக்காந்திருந்தா உங்களுக்குப் பொறுக்காது. தண்ணி பாட்டில் மூடியைத் திறக்கிறேன், மூடுறேன், திறக்கிறேன். அண்ணாச்சி திரும்பிப் பாக்குறார். மூடி வச்சுட்டேன்.

கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டாங்க. அப்படித்தான் எல்லாரும் கேட்டாங்க. வீட்டு வாசல்ல பந்தல் போட்டு, என் வீட்டுக்காரர் பால்பாண்டியைக் கொண்டாந்து நடுவுல கிடத்தியிருக்கு, வர்ற பொம்பளை ஒவ்வொருத்தியும் என் கையைப் பிடிச்சு, அழுது முடிச்சு, மூக்கைச் சிந்திட்டு அதையேதான் கேட்டா. உன் வீட்டுக்காரர் கடைசியா என்னம்மா சொன்னார். ஒண்ணும் சொல்லலைன்னேன். உண்மை அதுதான். மதுரை ஆஸ்பத்திரியில கல்லீரல் வியாதி முத்திப்போயிக் கிடந்தார், முழிச்சுத்தான் இருந்தார், என்னைப் பாத்துக்கிட்டேதான் இருந்தார், நானும் பாத்துக்கிட்டிருந்தேன், அவரும் பேசலை நானும் பேசலை, மதியத்துல இருந்து பொழுது சாயுற வரைக்கும். அப்புறம் பாக்குறதை நிறுத்திட்டார். இதை யாருகிட்டச் சொல்ல. ஒண்ணும் சொல்லலைன்னா நம்ப மாட்டேங்குறாங்க, ஏதோ நான் மறைக்கிற மாதிரி, சண்டை போட்டுக்கிட்டிருந்தோமோன்னு சந்தேகப்படுற மாதிரி ஒரு பார்வை. அப்பத்தான் சொர்ணம் மதினி, அவரோட அக்கா, மாரடிச்சுக்கிட்டே சொன்னாங்க, அக்கா, புஷ்பாவைக் கைவிட்றாதக்கான்னான், அதாம்மா என் தம்பி கடைசியாச் சொன்னது. பந்தல் முழுக்க ஓன்னு அழுகை. நல்ல அழுகை, வயிறு குளுந்து அழுதாங்க எல்லாரும். மதினி அப்போ ரூம்லயே இல்லை. கீழ கேன்டீன்ல டீ வாங்கிக்கிட்டு இருந்தாங்க. நான் ஒண்ணும் பேசலை, பேசுற நேரமா அது, அவங்க தம்பி, அவங்க துக்கம், போகட்டும்னு விட்டேன். போகலையே. பதினாறாம் நாள்ல சொன்னாங்க. கொழுந்தன் மக சடங்குல சொன்னாங்க. போன பொங்கலுக்கு வந்தப்போகூட ஒரு புதுச் சொந்தக்காரியை உக்கார வச்சுச் சொன்னாங்க, இப்போ அதுல இன்னொரு வரியும் சேந்திருக்கு, அவ சின்னப் பிள்ளைக்கான்னு அவர் சொன்னாராம். அதைக்கூடப் பொறுத்துக்குவேன். எனக்குப் பயமா இருக்கிறது வேற. இப்போ நான் கண்ணை மூடி அவர் முகத்தை நினைச்சா அந்த வரி வருது. அவரு குரல்லயே வருது. அவர் உதடு அசையுது. சொல்லாததைச் சொல்றார். வாய்ப் பக்கத்துல வசனம் எழுதுற வால் வச்ச பலூனை ஒட்டி விட்டுட்டாங்க, எங்க தொழில்ல நாங்க ஒட்டுவோமே அதே பலூன், அதுக்கு அடியில இருந்த படம் போச்சு. நான் எவ்வளவு உரிச்சாலும் வரலை. எனக்கும் அவருக்கும்னு இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான், அதுல மதினி எழுதிட்டாங்க.

அந்த மத்தியானம் நான் என்ன நினைச்சேன். அரிசியைத்தான் நினைச்சேன். வீட்டுல இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுட்டு வந்திருந்தேன், காலையில திடீர்னு கூட்டிட்டுப் போக வேண்டியதாயிருச்சு, அரிசி பாத்திரத்துல கிடக்கு, வெயில் காலம், புளிச்சிரும், நுரை கட்டிரும், கொட்டத்தான் வேணும், பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணி எடுத்து அரைச்சுக்கோங்கன்னு சொல்லிரலாமா, சாவி எங்க வச்சேன். அவர் என்னைப் பாத்துக்கிட்டிருக்கார், நான் அரிசியை நினைச்சுக்கிட்டு அவரைப் பாத்துக்கிட்டிருக்கேன். மூச்சு நின்னப்புறமும் முதல்ல வந்த நினைப்பு அதுதான். அதை இன்னைக்கு வரைக்கும் ஒரு சீவன்கிட்டச் சொன்னதில்லை. வெக்கத்துனால இல்லை. முதல்ல வெக்கமா இருந்துச்சு, இப்போ இல்லை. அவரும் என்னத்தையாவது நினைச்சிருப்பார், வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டலையேன்னு நினைச்சிருப்பார், ஒண்ணும் நினைக்காமலும் இருந்திருப்பார். பிரியம் இல்லாமலா. அவ்வளவு பிரியம் இருந்ததாலதான் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு அரிசியை நினைக்க முடிஞ்சது. மேரியன் கட்டில் பக்கத்துல உக்காந்திருக்குற ஆல்டோரை அந்தச் சாயங்காலம் திரையில பாத்தப்போ, கர்சர் மினுக்கிக்கிட்டு என்னைக் கேட்டப்போ, பாலத்தைத் தாங்கினவன் மூஞ்சியில அதே முழி. வரைஞ்சவன் யாரோ எவனோ, எந்த ஊர்க்காரனோ, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அங்க நான் போய் மஞ்சப் பெட்டி வைக்கவா. சொர்ணம் மதினி வேலையை நான் பாக்கவா.

அண்ணாச்சி மஞ்சப் பெட்டி வச்சிட்டார். இன்னைக்குக் காலையில தாராபுரம் தாண்டினப்புறம் போனை நீட்டினார், பாரு தாயி, நானே எழுதிட்டேன், எட்டுப் பக்கத்துக்கும் இருக்கு. மறுபதிப்புக்கு இது, ரெண்டாம் பாகத்துல மேரியனைப் புதைக்கிற காட்சியும் பேச்சில்லாமத்தான் வருது, அதுக்கும் எழுதியாச்சு, திங்கக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும். 'அந்தோ! பாலத்தையே தாங்கிய கரங்கள், இன்று ஒரு பூவிரலைத் தாங்க மாட்டாமல் நடுங்கின!' படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, அதுதான் எரிச்சல், மோசமா இருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஹால்ல வாசிச்சா கண்ணுல தண்ணி வச்சுக்குவாங்க. நீ பிழைன்னு மட்டும் சொல்லிரு, உனக்கும் கெட்ட பேரு வேண்டாம், கம்பெனிக்கும் வேண்டாம்னார். முடியாதுன்னா என்ன அண்ணாச்சின்னு கேட்டேன். ரோட்டைப் பாத்துக்கிட்டே, அப்போ ரெண்டாம் பாகத்தை வேற ஆளை வச்சு முடிச்சுக்க வேண்டியதுதான்னார். குரலை உயர்த்தலை. அவர் கெட்டவரா இருந்தா எவ்வளவு சுலபம். பால்பாண்டியைக் கொண்டுவர மதுரையில இருந்து வேன் பிடிச்சு அனுப்புனது அவருதான், பந்தல்காரன்ல இருந்து மயானம் வரைக்கும் நின்னு பாத்தது அவருதான், அப்புறம் என்னை வேலைக்கு வாம்மான்னு கூப்பிட்டு, டைப் அடிச்சுக்கிட்டு இருந்தவளை மொழிபெயர்க்க உக்கார வச்சது அவருதான். அந்த மனுசன் கேக்குறது ரெண்டு வரி. அவருக்காக நூறு சூரியனைக் கடலுக்குள்ள மறைய விட்டிருக்கேன், இந்த ஒண்ணை விட்டுரப்படாதா அண்ணாச்சி, ஆல்டோரை விட்டுருங்களேன், மேரியன் பக்கத்துல கொஞ்ச நேரம் அவன் பாட்டுக்கு உக்காந்திருக்கட்டுமே. கார்ல கேக்கலை. பேசாம வந்தேன், சரின்னு எடுத்துக்கிட்டார் போல, பேசாம இருந்தா அவங்கவங்க வசதிக்கு எழுதிக்கிறாங்க.

மேடையில அண்ணாச்சி என் பேரைக் கூப்பிட்டுட்டார். நம்ம புஷ்பரதி மேடம் அந்த எட்டுப் பக்கத்தைப் பத்தி ஒரு சின்ன விளக்கம் தருவாங்க, அப்புறம் சாப்பாடுன்னு சொல்லி மைக்கை என் கையில கொடுக்கிறார். மைக் வெதுவெதுன்னு இருக்கு, எத்தனை பேர் பிடிச்ச சூடு. எந்திரிச்சு நிக்கிறேன். ரெண்டாம் பாகம் போயிரும். புதைக்கிற காட்சியில என்ன வரைஞ்சிருக்கான்னு எனக்குத் தெரியும், மழை, குடை, ஆல்டோர் தலைநிறைய மழை, அவன் குடை பிடிக்கலை, அதுக்கு மேல அந்தோன்னு வரும், கடையில பாத்தா வாங்கக் கூட மாட்டேன். வேலையும் போகலாம். போனா திருப்பியும் டைப் அடிக்கலாம், கல்யாணப் பத்திரிகை அடிக்கலாம், சிவகாசியில அதுக்கா பஞ்சம். அண்ணாச்சி என்னைப் பாத்துச் சிரிக்கிறார், தைரியம் சொல்ற சிரிப்பு. ஐயோ, அதைப் பாக்காம இருந்திருக்கலாம்.

"அது அச்சுப் பிழை இல்லைங்க," என்கிறேன். என் குரல் ஸ்பீக்கர்ல யாரோ ஒருத்தியோட குரலா வருது. "தெரிஞ்சேதான் விட்டேன். ரெண்டாம் பாகத்துலயும் விடுவேன். வேற யாராவது எழுதிச் சேத்தா அதுல என் பேரைப் போட வேண்டாம்."

யாரோ ஒரு ஆளு கை தட்டி, வேற யாரும் தட்டாததால பாதியில நிறுத்துறான். லாசர் வேகமா தலையாட்டுறார், இன்னும் என்னென்னத்தையோ கண்டுபிடிச்சிருப்பார். பின்வரிசையில முனகல், பொம்பளைக்கு இவ்வளவு வீம்பான்னு ஒரு குரல், இருக்கட்டும், வீம்புதான். அண்ணாச்சி சிரிப்பு இன்னும் மூஞ்சியில இருக்கு, எடுக்க மறந்துட்டார். குமரகுரு எந்திரிக்கிறார். வாங்க, நீங்களும் வாங்க, ஒரு கை பாப்போம்னு நான் நிமிந்து நிக்கிறேன். ஆனா அவர் குரல் வேற மாதிரி இருக்கு, அவருக்கு மைக் வேணாம்னு கையைக் காட்டிட்டு, நின்ன இடத்துல இருந்தே கேக்குறார். கோபமில்லைங்க மேடம், சண்டைக்கும் வரலைங்குறார். அந்தப் பக்கத்தைத் திட்டுறதுக்காகத் திரும்பத் திரும்பப் புரட்டினேன், இப்போ தினம் கடையைச் சாத்துறதுக்கு முன்னாடி எடுத்துப் பாக்குறேன், விட மாட்டேங்குதுங்குறார். புத்தகம் அந்த இடத்துல தானா திறக்குது, ஓரம் அழுக்கேறி இருக்கு, இங்கிருந்தே தெரியுது.

"நீங்க அவன்கூட மாசக்கணக்கா இருந்தவங்க," என்கிறார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அங்க உக்காந்துக்கிட்டு அவன் என்னதான் நினைக்கிறான்?"

எல்லா முகமும் என்னைப் பாக்குது, பேங்க் மேனேஜர், பல் டாக்டர், தாராபுரத்துக்காரர், எல்லாரும். வாய் வரைக்கும் வந்துருச்சு, ஊறப்போட்ட அரிசி, வெயில், நுரை, சொன்னா இந்த மனுசன் புரிஞ்சுக்குவார், எனக்கு நிச்சயமாத் தெரியும், ஆனா சொன்ன அடுத்த நிமிசம் குரூப்ல போட்டுருவாங்க, நாளைக்கு அது ஒரு விளக்கம், நாளான்னிக்கு ஒரு மஞ்சப் பெட்டி.

"தெரியும்," என்கிறேன். "ஆனா சொல்ல மாட்டேன்."

குமரகுரு அப்படியே நிக்கிறார். உக்காரவும் இல்லை, அடுத்த கேள்வியும் கேக்கலை. ஏசி மட்டும் ஓடுது. மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன். பக்கத்துல அண்ணாச்சி எந்திரிச்சுட்டார், இந்த அமைதியை அவரால தாங்க முடியலை, எதையாவது சொல்லி நிரப்பணும் அவருக்கு, மைக்கைக் கொடு தாயிங்கிற மாதிரி கையை நீட்டுறார். நான் கொடுக்கலை.